ரத்னாவுக்கும் கங்கம்மாவுக்கும் நடுவில்

என் மனைவி குணசுந்தரி பாதி நேரம் இந்த உலகத்தில் இருக்கமாட்டாள். அடுப்பில் சாம்பார் பொங்கி வழியும். அவள் தரையில் உட்கார்ந்து ஐந்து சின்ன வெங்காயத்தை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருப்பாள். வேலைக்குக் கிளம்புகிறவனுக்குக் கோபம் வருமா, வராதா?

"இன்னா குணா, வெங்காயம் கொழம்புக்கா, வெளையாட்டுக்கா?" என்று கத்துவேன்.

"தோ, ஆச்சுங்க" என்பாள். ஆகாது. நான் பழைய சோற்றைத் தின்றுவிட்டுப் போவேன்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற வேலை எனக்கு. அவள் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். நான் சொல்வது எழுபத்து நாலாம் வருஷம். பொதட்டூர்பேட்டைக்காரிக்கும் கூடைப்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். மெட்ராசில் டிரெயினிங் படித்தபோது, எங்கிருந்தோ வந்த ஒரு டீம் ஆடியதைப் பார்த்திருக்கிறாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

அந்த டீம் ஆடிய விதத்துக்கு அவள் வைத்த பெயர் 'நெருக்கு'. எதிராளி கையில் பந்து வந்தால் எல்லாரும் பின்னால் ஓடிப்போய்த் தங்கள் கூடையைக் காப்பாற்றுவார்கள் இல்லையா? இவர்கள் ஓடமாட்டார்கள். பந்து கிளம்புகிற இடத்திலேயே மேலே விழுவார்கள். பந்து வைத்திருப்பவளை மெல்ல மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய், இரண்டு பேர் கதவின் இரண்டு பலகை மாதிரிச் சேர்ந்து அடைத்துவிடுவார்கள். மற்ற மூன்று பேர் பந்து போகிற வழிகளில் நிற்பார்கள். மூலையில் மாட்டியவள் தவித்துப்போய் எங்கேயாவது எறிவாள். அது நம் கையில் வந்து விழும்.

அதை எதிராளி நம்மேல் போட்டால் என்ன செய்வது என்பதும் அவளுக்குத் தெரியும். "ரெண்டு பேர் மேல வந்தா பயப்படாதடி. ரெண்டு பேர் உங்கிட்ட வந்துட்டா, எங்கியோ நம்மாளு ஒருத்தி சும்மா நின்னுக்கினு கீறா. அவளத் தேடு" என்று தன் பள்ளி டீம் பிள்ளைகளுக்குச் சொல்வாள். அந்தப் பாடம் அவர்களுக்கு நன்றாகவே வந்தது. வராதது நெருக்கு.

விடியற்காலையில் கண்ணைத் திறக்காமலே என்னிடம் கனவு சொல்வாள். எப்போதும் ஒரே கனவுதான். பழவேற்காட்டு ஏரி. இடுப்பளவுத் தண்ணீரில் ஐந்து பெண்கள் சுற்றி வருகிறார்கள். சத்தமே இல்லை. வானமும் தண்ணீரும் ஒரே வெள்ளையாக இருக்கிறது. நடுவில் பந்து மிதக்கிறது. வட்டம் சின்னதாகிக்கொண்டே வருகிறது.

"கைக்கு எட்டுற தூரம்ங்க. அப்போ ரெண்டு பேர் நடுவுல ஒரு சந்து. பந்து அது வழியா மெதுவா போயிடுது. அந்த ரெண்டு பேர் யாருன்னு மட்டும் தெரியல. முதுகுதான் தெரியுது."

"காபி போடு, தெரியும்" என்பேன்.

கனவில் தெரியாதது மைதானத்தில் தெரிந்தது. போன வருஷம் திருவள்ளூர்ப் போட்டியில் ஒரு மெட்ராஸ் டீம் குணாவின் பிள்ளைகளை அந்தச் சந்து வழியாகவே அடித்துவிட்டுப் போனது. மூலையில் அடைக்கிற இரண்டு பேர் ரத்னாவும் கங்கம்மாவும். ரத்னா நெல் வயல் இருக்கிற வீட்டுப் பெண். கங்கம்மா சுண்ணாம்புக்குளம் பக்கம் ஏரிக்கரைக் குப்பம். காலையில் அப்பா பிடித்துவந்த மீனைக் கூடையில் அடுக்கி அம்மா தலையில் ஏற்றிவிட்டுப் பள்ளிக்கு வருவாள். இரண்டு பேரும் புயல். ஆனால் அடைக்கிற நேரத்தில் தோளும் தோளும் ஒட்டாது. நடுவில் ஒரு சாண் இருக்கும். பந்துக்கு அது போதும்.

இந்த வருஷமும் அதே மெட்ராஸ் டீமோடு ஃபைனல். கோப்பை பற்றிக் குணா பேசவே இல்லை. அந்த நெருக்கு ஒரே ஒரு தடவை சந்தில்லாமல் மூடவேண்டும், அதுதான் அவளுக்கு வேண்டியது. அதற்காகத்தான் அவள் இத்தனை வருஷம் வெங்காயம் நகர்த்தியது.

ஃபைனலுக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் அவளை அழைத்துவர மைதானத்துக்குப் போனேன். தொழிற்சாலைக்கு அளந்து கல் நட்டிருந்த பொட்டலை ஒட்டிய மண் மைதானம். ஏரிக்காற்று புழுதியைக் கிளப்பி எல்லாரையும் மங்கலாக்கியிருந்தது. குணா ரத்னாவைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தாள். அவள் திட்டி நான் பார்த்ததே இல்லை.

"ஏன்டி வெலகுற? அவ இன்னா, ஒன்ன கடிச்சிடுவாளா? மீன்காரப் பொண்ணுன்னா தோள் படக்கூடாதா?"

ரத்னா அழுதாள். கங்கம்மாதான் முன்னால் வந்தாள்.

"ரத்னாவ திட்டாதீங்க மிஸ். அது வெலகல. நான்தான் நவுர்றேன்."

"நீயா? ஏன்?"

"எம்மேல கவிச்சி அடிக்கும் மிஸ். சோப்பு போட்டாலும் போவல. யாராச்சும் மூக்க புடிக்கிறதுக்கு முன்னாடி நானே நவுந்துக்குவேன். வேணும்னு செய்யல மிஸ். காலு தானா போவுது."

ரத்னா தாவணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

அன்றைக்கு வீட்டில் உலை வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. குணா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "தப்பான பொண்ண திட்டிக்கினு இருந்திருக்கேன். நவுராதன்னு சொன்னா நின்னுடுவாளா? இத நான் எப்டிங்க சொல்லித் தருவேன்?" என்றாள். நான் பழைய சோற்றைத் தட்டில் போட்டு அவள் முன்னால் வைத்தேன்.

திருவள்ளூருக்கு லீவு போட்டுவிட்டு நானும் போனேன், தண்ணீர்க் கூஜாவைத் தூக்கிக்கொண்டு. மைதானத்தின் ஓரத்தில், மூலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மெட்ராஸ் பெண்கள் கெட்டிக்காரிகள். போன வருஷத்துச் சந்து அவர்களுக்கு மறக்கவில்லை. மூலைக்குத் தள்ளினால் சிரித்துக்கொண்டே போனார்கள், சந்து வழியாகப் பந்தை விட்டார்கள். நாம் நாலு புள்ளி பின்னால். குணா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

முடிகிற நேரம். பந்து மறுபடி என் மூலைக்கு வந்தது. ரத்னா ஒரு பக்கம், கங்கம்மா ஒரு பக்கம். நெருங்கினார்கள். கங்கம்மாவின் கால் அரை அடி தள்ளிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். போச்சு என்று நினைத்தேன். ரத்னா அவள் பின்னாலேயே நகர்ந்தாள். தோளோடு தோள் இடித்தாள்.

"இன்னாடி நவுர்ற?"

"எம்மேல..." என்றாள் கங்கம்மா.

"தெரியும்டி. எனக்கு எப்பவோ பழகிப்போச்சி. நில்லு."

கங்கம்மா நின்றாள். மெட்ராஸ் பெண் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழி தேடினாள். இல்லை. எந்தப் பக்கமும் இல்லை. கொஞ்ச நேரம் மைதானமே நின்றுபோனது போல் இருந்தது எனக்கு. அதிக நேரம் வைத்திருந்தாள் என்று விசில் ஊதிப் பந்தை நமக்குக் கொடுத்தார்கள்.

குணா கத்தவில்லை, கை தட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு கூடை போட்டோம். இன்னொன்று போடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. கோப்பை மெட்ராசுக்குத்தான் போனது. நியாயம்தான், அவர்கள் நன்றாகவே ஆடினார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் முன்னால் நிறைய இடம் இருந்தது. கங்கம்மா ஏறினதும் யார் பக்கமும் பார்க்காமல் கடைசி சீட்டுக்குப் போய் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்தாள். ரத்னா பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனாள்.

"முன்னாடி காலியா கீதும்மா" என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டும்ண்ணா" என்றாள் ரத்னா. கங்கம்மா பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக எழுந்து பின்னால் போனார்கள். இடம் போதாமல் ஒருத்தி மடியில் ஒருத்தி. கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

குணா என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது, வேறென்ன.