டாக்டரம்மாவும் வாட்ச்மேனும்

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் நான் கூட்டிப் பெருக்கும் கம்பெனிக்கு ஒரு பெரியவர்தான் வாட்ச்மேன். அறுபது தாண்டியவர், மீசைக்கு மட்டும் மை பூசுவார். அடிக்கடி பாத்ரூமுக்கு ஓடுவார். கேட்டால், "ஒடம்புச் சூடும்மா" என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொள்வார்.

ஒருநாள் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"காலையிலேர்ந்து ஒண்ணுக்கு சொட்டு சொட்டாத்தான் வருதும்மா. அடிவயிறு கல்லாட்டம் கீது."

எனக்குக் கூச்சம்தான். இருந்தாலும் சொன்னேன். "எங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தான். சூடு இல்லீங்க, புராஸ்டேட் வீக்கம்னாங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"அங்க டாக்டர் பொம்பளயாச்சே! எப்படிச் சொல்றது?"

"என்கிட்ட சொன்னீங்களே, நான் இன்னா ஆம்பளயா?"

எழுந்து ஆட்டோ ஏறினார். டியூப் போட்டு நீரை எடுத்து, மாத்திரை கொடுத்தார்களாம்.

இப்போது டாக்டரம்மாவைப் பற்றி எல்லோரிடமும் பெருமையாகப் பேசுகிறார். என்னைப் பார்த்தால்தான் வெட்கப்படுகிறார்.