வாய்க்காலில் போட்ட திருகு

1953-ல், கன்னிப்பூ நெல் அறுவடை முடிந்த சமயம். கொட்டாரத்தை அடுத்த எங்கள் வயலில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தேன். தோளில் மூன்றுகால் ஸ்டாண்டும் கையில் கறுப்புப் பெட்டியுமாக வரப்பில் ஒருவர் வந்தார். முந்திய வருடம் இப்படி ஒரு ஸ்டாண்டை நட்டுத்தான் சர்வேக்காரர்கள் ரோட்டுக்கு அளந்துவிட்டுப் போனார்கள். ரோடு எங்கள் வயலில் பாதியைத் தின்றுவிட்டது.

"ஆரு நீங்க? என்ன சோலி?" என்றேன்.

"சும்மாத்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சும்மா வருகிறவர் ரோட்டை விட்டு வரப்பில் ஏன் வரவேண்டும்?

அவர் ஸ்டாண்டை வரப்பில் வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாய்க்காலில் கால் கழுவ இறங்கினார். ஸ்டாண்டின் தலையில் பித்தளைத் திருகு ஒன்று இருந்தது. திருகிப் பார்த்தேன், கையோடு வந்தது. தண்ணீரில் வீசிவிட்டேன். இனி அளக்கட்டும் பார்ப்போம்.

அவர் அளக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குள் கொல்லை வழியாகப் போனார். ஓஹோ, அந்த வீட்டு மதினியும் கூட்டா என்று பின்னாலேயே போனேன். அங்கே படுக்கையாய்க் கிடந்த அவள் மாமியாருக்குப் புதுச் சேலை சுற்றி, கட்டிலில் தலையணை அண்டக்கொடுத்து உட்காரவைத்திருந்தாள். கொழும்புக் கடையில் வேலை பார்த்த அவள் புருஷன், அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும், படம் அனுப்பு என்று எழுதியிருந்தாராம்.

"படம் பிடிச்சா ஆயுசு குறையும்னு ஊர்ல சொல்லுவாவ. அதான் ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல மதினி" என்றாள்.

போட்டோக்காரர் கேமராவை ஸ்டாண்டில் பூட்டும் திருகைத் தேடிக்கொண்டிருந்தார். உள்ளே வெளிச்சம் குறைவு, கேமரா சற்று நேரம் ஆடாமல் நிற்கவேண்டும், அதற்குத்தான் ஸ்டாண்டு என்றார். கடைசியில் பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து எடுத்தார். நான் பிறகு ஓடிப்போய் வாய்க்கால் சேற்றைக் காலால் துழாவினேன். கிடைக்கவில்லை.

படம் வருவதற்குள் அந்த அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார். படத்தில் முகம் கலங்கிப்போயிருந்தது. பாட்டி அசைந்துவிட்டார் என்றார் போட்டோக்காரர். மறுவருடம் ஊர் வந்த மகனும் அதையே சொன்னார்.

"அம்மைக்கு ஒரு இடத்துல இருப்பு கொள்ளாதுல்லா" என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

இப்போது பளிச்சென்று வெட்டும் விளக்கை வைத்துக் கையாலேயே எடுக்கிறார்கள், ஸ்டாண்டைத் தேடுவாரில்லை. அந்தப் படம் இன்னும் பக்கத்து வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதில் கட்டில் காலும் கலங்கித்தான் இருக்கிறது. கட்டில் எங்கே அசையும்? அந்த அம்மாள் மகனுக்காக மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அதை அந்த மகனிடம் சொல்ல எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.