கருங்காலியின் குரல்

கராபின் நகர நூலகத்தில் வெர்னா பாஸ்கோ வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அதற்கு முன் ஆற்றங்கரை இறைச்சி ஆலையில் டின்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுப் போய்ச் சேர்ந்த வேலை அது. ஆலை மூடியதும் ஊரில் பாதிப் பேர் சுரங்கங்களைத் தேடிப் போனார்கள். வெர்னாவின் கணவனும் போனான். போனவன் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். அதைப் பற்றி அவள் யாரிடமும் அதிகம் பேசியதில்லை.

நூலகத்தில் முதலில் புத்தகங்களை அலமாரியில் திருப்பி அடுக்கினாள். பிறகு முன்மேசைக்கு வந்தாள். பல வருஷம் கழித்து நகராட்சி ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் இரண்டு மைக்கும் வாங்கிக் கொடுத்து, ஊர்க் கதைகளைப் பாட்காஸ்டாக வெளியிடச் சொன்னபோது, அந்தப் பெட்டியைத் தொட வேறு யாரும் முன்வரவில்லை. வெர்னா வீட்டுக்கு எடுத்துப் போய், சமையலறையில் தன் குரலையே பதிவு செய்து பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

தங்கள் வீட்டிலேயே அவளிடம் பேச உட்கார்ந்தவர்கள் முதலில் வேர்த்துப் போனார்கள். மின்விசிறி டக்டக்கென்று சத்தம் போடும் என்று அதை நிறுத்திவிடுவாள். ஃபிரிட்ஜையும் நிறுத்துவாள். ஒருமுறை திரும்பப் போட மறந்து, ஒரு கிழவரின் மீன் மொத்தமும் கெட்டுப்போனது. அதிலிருந்து கார் சாவியை அந்த வீட்டு ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுத்தான் பதிவைத் தொடங்குவாள். சாவி இல்லாமல் கிளம்ப முடியாது அல்லவா.

புயல் கூரைகளைப் பெயர்த்துக்கொண்டு போன வருஷம், சனிக்கிழமை நடனங்கள், ஆற்றில் முதலை பார்த்தவர்கள், பார்த்ததாகச் சொன்னவர்கள் என்று பதிவுகள் சேர்ந்தன. ஊர் கேட்டது. லாரி ஓட்டும்போது கேட்டார்கள், கரும்பு வயலில் கேட்டார்கள். வெர்னா கடைக்குப் போனால், தன் சித்தப்பாவை எப்போது பேச வைக்கப் போகிறாய் என்று யாராவது பிடித்துக்கொள்வார்கள்.

வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பதிவு செய்யலாம் என்று சொன்னது நூலகத் தலைவி நைரி. நியூசிலாந்திலிருந்து வந்தவள், ஊரின் பழைய காயம் எது என்று அவளுக்குத் தெரியாது. எழுபத்து நாலில் ஒரு குளிர்காலம் முழுக்க ஆலை வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெர்னாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா ஆல்பி அங்கே உட்கார்ந்திருந்தார். அவருக்கு அவள் சூப் கொண்டுபோவாள். எல்லோரும் பாடுவார்கள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாட்கள் அதற்குப் பிறகு அதிகம் வரவில்லை.

சங்கத்து ஆட்கள் வரிசையாக வந்து பேசினார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கேட்கக் கேட்க வெர்னாவுக்கு ஒன்று உறுத்தியது. எல்லோரும் கருங்காலிகளைப் பற்றிப் பேசினார்கள். கருங்காலி ஒருவர்கூடப் பேசவில்லை. அன்று வாசலைத் தாண்டி வேலைக்குப் போன எட்டுப் பேரில் ஏழு பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர் கிளாரி போஸ் ஒருவர்தான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தார். வெர்னா சிறுவயதிலிருந்து அவரைப் பார்த்தால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவாள். ஏன் என்று யோசித்ததில்லை. ஊரே அப்படித்தான் செய்தது.

வெர்னா போய்த் தட்டியதும் கதவைத் திறந்த கிளாரிக்குத் தலைமுடி தோள்வரை தொங்கியது. ஊரில் இருந்த ஒரே முடிதிருத்துபவர் அந்தக் குளிர்காலத்திலிருந்து அவருக்கு முடிவெட்ட மறுத்துவிட்டார். மனைவி ஜாய்ஸ் சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாள். அவள் இறந்த பிறகு கிளாரி அதை அப்படியே விட்டுவிட்டார். இதையெல்லாம் அவர் குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

வெர்னா ஃபிரிட்ஜை நிறுத்தினாள், சாவியை உள்ளே வைத்தாள், ஏன் வேலைக்குப் போனீர்கள் என்று கேட்டாள்.

"வேலை செய்யணும்னு தோணுச்சு, போனேன்" என்றார் கிளாரி. "பொண்டாட்டிக்குச் சீக்கு, புள்ளைக்குப் பால் இல்லன்னு ஏதாச்சும் சொல்லுவேன்னு எதிர்பார்க்கிற. அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அந்த ஸ்டிரைக்கே தப்புன்னு நெனச்சேன். இன்னைக்கும் அப்படித்தான் நெனைக்கிறேன்."

அவர் வீட்டுப் பலகை வேலியில் யாரோ பெரிய எழுத்தில் 'கருங்காலி' என்று எழுதியது ஊரறிந்த கதை. எழுதியது யார் என்றுதான் யாரும் சொன்னதில்லை. அதைக் கேட்டாள்.

"உங்கப்பாதான். ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். நல்ல பெயின்ட்டு. மேல மேல அடிச்சும் எழுத்து தெரிஞ்சுகிட்டே இருந்துச்சு. எங்க பொண்ணு அது வழியாத்தான் ஸ்கூலுக்குப் போவா."

பதிவில் அடுத்துக் கேட்பது வெர்னாவின் குரல். ஜாய்ஸை எங்கே சந்தித்தீர்கள் என்று கேட்கிறாள்.

வேண்டாதவற்றை வெட்டிச் சீராக்குவது அவள் வேலை. இருமலை வெட்டுவாள், தடுமாறும் சொல்லை வெட்டுவாள். அப்பாவைப் பற்றிய அந்த இடத்தை நீக்கட்டுமா என்று கிளாரியிடமே கேட்டாள். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டார். மேசையில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆல்பி இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. மென்மையான மனிதர். தெருநாய்க்குக்கூட மருந்து போடுவார். அந்தக் கையா பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனது என்று நினைத்தாள். அந்தக் கைதான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கடைசியில் வெட்டாமல் வெளியிட்டாள்.

மறுநாளே அவள் தம்பி லான்ஸ் நூலகத்துக்கு வந்து நின்றான். நண்டு பிடிக்கும் படகு வைத்திருப்பவன். நூலகத்துக்குள் அவன் கால் வைத்ததே இல்லை.

"செத்துப் போன மனுசனைத் தெருவுல இழுத்துப் போட்டுட்டியே அக்கா."

"நான் இழுக்கலடா. அவர் செஞ்சதை ஒருத்தர் சொன்னாரு."

"வெட்டிப் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

"கண்ண மூடித் திறக்கிற நேரம்கூட ஆகாது. அதான் எனக்குப் பயமா இருந்துச்சு."

லான்ஸ் போய்விட்டான். அதன்பிறகு போனை எடுக்கவில்லை. நகராட்சிக்குப் புகார்கள் போயின. பழைய ஆட்கள் சிலர் வெர்னாவைப் பார்த்து எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறினார்கள். நைரி மிரண்டு போனாலும் பின்வாங்கவில்லை. பதில் சொல்ல விரும்புகிறவர் வரட்டும், மைக் இருக்கிறது என்று அறிவித்தாள்.

வந்தவர் டெஸ் கல்ஹேன், அன்றைய சங்கச் செயலாளர். கோட்டுப் போட்டு, மனைவி செய்த பூசணி ஸ்கோன் ரொட்டியும் எடுத்துக்கொண்டு வந்தார். ஆலையில் விரல் போனவர்களைப் பற்றி, குளிர்பதன அறையில் மயங்கி விழுந்தவர்களைப் பற்றிப் பேசினார். கிளாரி போஸ் கருங்காலிதான், சாகும்வரை கருங்காலிதான் என்றார். நல்ல பதிவு. வெர்னா கருவியை நிறுத்தி ஒயரைச் சுருட்டினாள். டெஸ் எழுந்திருக்கவில்லை.

"ஏம்மா, அந்த முடிவெட்டுற விஷயம். கிளாரிக்கு வெட்டாதேன்னு கடைக்காரன்கிட்ட நான்தான் போய்ச் சொன்னேன். அதைச் செஞ்சிருக்க வேண்டியதில்ல."

வெர்னாவின் கை தானாகவே கருவிப் பக்கம் போனது.

"வேணாம்" என்றார் டெஸ். "இது உனக்கு மட்டும்."

சரி என்று கையை எடுத்துக்கொண்டாள். கிளாரியிடமும் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று பிறகு பலமுறை தோன்றியது. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்று இருந்துவிட்டாள்.

கிளாரியிடம் கம்ப்யூட்டர் இல்லை. தன் குரலைக் கேட்க நூலகத்துக்கு வரச் சொன்னாள். வந்தார், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார். நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை என்று எதுவும் சொல்லவில்லை. வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். புயலைப் பற்றியதைப் போட்டுக் கொடுத்தாள். மறுவாரம் மறுபடி வந்தார். வாராவாரம் வந்தார். நாற்பது வருஷத்துக்கு மேலாக அவரோடு பேசாத ஊர், ஒவ்வொருவராக அவர் காதுக்குள் பேசியது. ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து தனக்குத்தானே சிரிப்பார். முதலைக் கதை சொன்னவன் எதிர்மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கையில், இந்தப் பக்கம் அவன் கதையைக் கேட்டே சிரித்துக்கொண்டிருந்த நாளும் உண்டு. இருவரும் ஒருவரையொருவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

டெஸ் பேசியதைக் கேட்கப் போகிறேன் என்றபோது வெர்னா தயங்கினாள். கேட்டு முடித்து ஹெட்ஃபோனைக் கழற்றினார் கிளாரி.

"அந்த விரல் போனவன் கதை நெஜம். அவனை ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிட்டு ஓடினேன். அதை மட்டும் விட்டுட்டான், பாவி."

மைக்கை எடுத்து வரட்டுமா என்று வெர்னா கேட்டாள். வேண்டாம், பேசியது போதும் என்றார்.

இரண்டு வருஷம் கழித்துக் கிளாரி இறந்தார். அடக்கத்துக்கு மகளும் நைரியும் வெர்னாவும் இன்னும் சிலரும் வந்தார்கள். டெஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, தேநீருக்கு நிற்காமல் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லான்ஸ் ஒரு வாளி நண்டோடு வெர்னா வீட்டு வாசலில் வந்து நின்றான். வேகவைத்து, வெளியே மேசையில் பேப்பரை விரித்து இருவரும் சாப்பிட்டார்கள். படகு எஞ்சின் மக்கர் செய்வதைப் பற்றி அவன் வெகுநேரம் பேசினான். அப்பாவின் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. கிளம்பும்போது, எதிர்க்கரையில் ஒரு கிழவி பழைய படகுத்துறையைப் பற்றி நிறையச் சொல்கிறாள், ஆள் சரியான வாயாடி, போய்ப் பார் என்றான்.

வெர்னா பேரைக் கேட்டுக்கொண்டாள்.