எழுத விடாத டிஸ்க்

அளவெட்டியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கோயில் திருவிழாக்களில் பதியும் நாதஸ்வரமும் தவிலும் ஒரே டிஸ்க்கில் வந்து சேரும். அதுதான் எங்களுக்கு மூலம். வேலை முடிகிற நேரத்தில் அதை முழுதாக இன்னொரு பெரிய டிஸ்க்குக்குப் பிரதி எடுப்போம்.

பிரதி எடுப்பதற்கென்று கணினியில் தனிப் பயனர் கணக்கொன்று திறந்தேன். அந்தக் கணக்கால் மூலத்தை வாசிக்கலாம், அதில் எழுத முடியாது. பிரதி டிஸ்க்கில் மட்டும் எழுதலாம். எங்கள் ஒலிப்பதிவாளருக்கு இது பிடிக்கவில்லை. என்னைவிட நன்றாக மூத்தவர். நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன்.

“ஏன் பிள்ளை, என்னிலை நம்பிக்கை இல்லையோ?”

“உங்களை நம்பிறன் அண்ணை. ஆனா கை தவறினா கொம்பியூட்டருக்குத் தெரியாது. சொன்னதைச் செய்துபோடும்.”

“இவ்வளவு காலமும் என்ரை கை தவறேல்லை.”

அதன்பிறகு சில நாள் அவர் என்னோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை.

மாரி மழை தொடங்கியிருந்தது. நெல்லியடியில் மச்சாளின் கலியாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் அமர்ந்து சோற்றில் கை வைத்த நேரம் அண்ணை போனில் கூப்பிட்டார்.

“காலமை கரண்ட் போய் வந்தது. ராத்திரிப் பதிஞ்சதைப் பிரதி எடுப்பம் எண்டு பார்த்தா, உம்மடை கொம்பியூட்டர் விடுதில்லை. அனுமதி இல்லையாம்!”

அந்தக் கணக்குக்குப் பிரதி டிஸ்க்கில் எழுத அனுமதி உண்டு. பிறகேன் மறுக்கிறது?

“எதிலை எழுதச் சொன்னனீங்கள்?”

“வழக்கம்போலை ரெண்டாவது டிஸ்க்கிலை.”

“ஒண்டையும் தொடாதேங்கோ அண்ணை. அந்த ரெண்டாவதின்ரை அளவை ஒருக்காப் பாருங்கோ.”

அவர் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

“பிள்ளை, இது சின்னன்.”

“அப்ப அதுதான் மூலம்.”

மின்சாரம் போய் வந்ததில், கணினி இரண்டு டிஸ்க்குகளுக்கும் வைக்கும் ‘முதலாவது’, ‘இரண்டாவது’ என்ற பெயர்கள் இடம் மாறிப்போயிருந்தன. பழைய பெயர்களை நம்பி அவர் கொடுத்த கட்டளை, முந்தைய பிரதியை மூலத்தின் மேலேயே எழுதச் சொல்லியிருந்தது. முதல்நாள் இரவு கோயிலில் பதிந்த மேளக்கச்சேரி வேறெங்கும் இல்லை. நல்ல வேளையாக, நான் அனுமதியைப் பெயரைப் பார்த்துக் கொடுக்கவில்லை. டிஸ்க்கின் மாறாத தொடர் இலக்கத்தைப் பார்த்துக் கொடுத்திருந்தேன். பெயர் மாறினாலும் மூலம் தன்மேல் எழுத விடவில்லை.

“எல்லாம் இருக்குதோ பிள்ளை?” அவர் குரல் இறங்கிவிட்டது.

“ஓம் அண்ணை, ஒண்டும் போகேல்லை. நான் வந்து பார்க்கிறன்.”

அன்றைக்குப் பாயாசத்தை இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் அந்தக் கச்சேரி வாசித்த நாதஸ்வரக்காரர் பதிவைக் கேட்க வந்தார். அண்ணை முதல் வேலையாக நடந்ததை ஒளிக்காமல் அவருக்குச் சொன்னார். “இந்தப் பிள்ளை விடேல்லை, அதாலை தப்பினம்,” என்றபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். நடுவில் ஓரிடத்தில் மட்டும் கண்ணைத் திறந்தார்.

“உந்த இருமல் என்ரை. அதை மட்டும் அழிக்க அனுமதி கிடைக்குமோ?”

எங்கள் மூவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.