எது மாதிரி வலிக்குது?

பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்கிறார் நர்ஸ் ஆரிபா: “வலிக்குதுன்னா, எது மாதிரி வலிக்குது?” காரைக்குடியில் நான் மாதாமாதம் போகும் கிளினிக்கில் இந்தக் கேள்விக்கு யாரும் தப்ப முடியாது. “தேள் கொட்டுனாப்ல”, “அம்மியில வச்சு அரைச்சாப்ல” என்று வந்தவர்கள் யோசித்துச் சொல்வதை அப்படியே சீட்டில் எழுதி உள்ளே அனுப்புவார். டாக்டர் சென்னையில் வளர்ந்தவர். முதலில் சிரித்தாராம். இப்போது பிரஷர் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால் அந்த வரியைத்தான் படிக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் ஆரிபாவுக்குப் பிடித்தது அணியிலக்கணம். தமிழ் படிக்கத்தான் ஆசை. வீட்டில் நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் படித்ததை வீணாக்காத பெண்மணி. “வயித்துல நெருப்பு மாதிரி இருக்குன்னா உவமை. கொஞ்சம் உக்காந்திருக்கலாம். ‘வயித்துல நெருப்பும்மா’ன்னா உருவகம். மாதிரின்னு சொல்லக்கூடத் தெம்பில்ல, மொதல்ல உள்ள விட்ரணும்” என்பது அவர் வகுத்த சட்டம். எதிர்வீட்டுக்காரி கண் பட்டுத்தான் பேதியாகிறது என்று ஓர் அம்மாள் அழுதபோது, “தற்குறிப்பேற்ற அணி. அதுவா நடக்குறதுக்கு நீங்களா ஒரு காரணம் சொல்றீக. நேத்து என்ன சாப்ட்டீக?” என்றார். பரோட்டா என்று பதில் வந்தது.

என்னையும் விட்டுவைக்கவில்லை. மண்டை சுக்குநூறாக வெடிக்கிறது என்று ஒருமுறை முறையிட்டேன். “உயர்வு நவிற்சி. அங்குட்டு உக்காருங்க சார்” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆறியபின், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

“கூட்டிச் சொல்றவுக என் மொகத்தையே பாத்துச் சொல்லுவாக, நான் நம்புறேனான்னு. நெசமாவே வலி இருக்கிறவுக எங்கிட்டோ பாத்து வார்த்தையத் தேடுவாக.”

நான் அவர் முகத்தைத்தான் பார்த்திருந்தேன்.

ஆரிபா பயப்படுவது ஒரே ஒரு வார்த்தைக்கு. “அணியா வந்தா எப்படியும் புடிச்சிரலாம் சார். ‘ஒண்ணுமில்ல’ன்னு சொன்னாகன்னா புடிமானமே இல்ல. தொட்டுப் பாத்துத்தான் ஆகணும்.”

ஆடி மாதத்தில் ஒருநாள், நான் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, கண்டனூர்ப் பக்கத்து விவசாயி பூமிநாதன் தன் மனைவி கருப்பியை முழங்கால் வலிக்காகக் கூட்டி வந்தார். “காலு ரெண்டையும் வெட்டிப் போட்ருங்க தாயி!” என்று கருப்பி ஆரிபாவின் முகத்தைப் பார்த்தபடி கிளினிக்கே அதிரக் கத்திக்கொண்டிருந்தார். ஆரிபா பார்த்ததோ பக்கத்தில் நின்ற பூமிநாதனை. மின்விசிறிக்குக் கீழே நின்றும் அவருக்கு வேர்த்து ஊற்றியது. உங்களுக்கு என்ன செய்கிறது என்று அவரிடம் கேட்டார் ஆரிபா.

“எனக்கு ஒண்ணுமில்லத்தா. அவளப் பாருங்க.”

ஆரிபா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “அது இருக்கட்டும்யா. எது மாதிரி இருக்கு?”

பூமிநாதன் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். “நெல்லு மூட்டைய நெஞ்சு மேல வச்சிட்டு எறக்க மறந்துட்டாப்ல.”

வரிசையை அப்படியே நிறுத்திவிட்டு அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார் ஆரிபா. மாரடைப்பு. மாத்திரை கொடுத்து, ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார் என்றார் டாக்டர். எனக்கு எழுந்து நின்று ஆரிபாவைக் கும்பிடத் தோன்றியது. அவரோ, “அடுத்து யாரு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

போன வாரம் இருவரும் மறுபடி வந்திருந்தார்கள். பூமிநாதன் மெலிந்திருந்தாலும் தானே நடந்து வந்தார். அவருக்கான மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று கருப்பிதான் ஒப்பித்தார். சத்தமே இல்லை. எல்லாம் கேட்டு முடித்த ஆரிபா, “ஒங்க முழங்கால் எப்படிம்மா இருக்கு?” என்றார்.

கருப்பி புருஷனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அது கெடக்கு தாயி. ஒண்ணுமில்ல. அவுகளப் பாருங்க.”

ஆரிபா பேனாவை மூடி வைத்தார். தரையில் மண்டியிட்டு, கருப்பியின் சேலையை மெல்ல ஒதுக்கி, வீங்கிக் கிடந்த முழங்காலின் மேல் உள்ளங்கையை வைத்தார்.