மூச்சு மாத்திரை

கபடியில் எனக்கு உடம்பு இருந்தது, கால் இருந்தது, மூச்சு மட்டும் இல்லை. பாடிக்கொண்டு எதிர்க்களத்துக்குள் போனால் பாதியிலேயே பாட்டு அறுந்துவிடும். எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்தில் கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கிக்கொண்டிருந்த எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. விழுப்புரத்தில் நடக்கும் பந்தயத்தைப் பார்த்து ஒரு மில் தன் அணிக்கு ஆள் எடுக்கப்போகிறது, தேறினால் நிரந்தர வேலை.

என்னோடு ஆடிய அனந்தபுரத்துக்காரன் வழி சொன்னான். பஸ் கிளீனர். ஊர் உலகமெல்லாம் தெரியும் என்று அவனுக்கு நினைப்பு.

“உம் பொண்டாட்டி இழுப்புக்கு ஒரு மாத்திரை போடுதே, அத்த ரெண்டு போட்டுக்கினு பாடுடா. மூச்சு எப்டி நிக்குது பாரு.”

“தப்பில்லியா?”

“இன்னாடா தப்பு? சாராயமா குடிக்கிற?”

என் மனைவிக்கு மல்லாட்டை உடைக்கிற தூசியில் வந்த இழுப்பு. ‘மூச்சு மாத்திரை’ என்று சொல்லி ஒரு பவுடர் டப்பாவில் பத்திரமாக வைத்திருப்பாள். பந்தயத்தன்று காலையில் அதில் நாலு இருந்தன. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். ஆனால் எனக்கு மூச்சு போதவில்லை என்று பெண்டாட்டியிடம் சொல்ல ரோஷம் விடவில்லை. நாலையும் எடுத்துக்கொண்டு, நர்ஸம்மா கொடுத்திருந்த சத்து மாத்திரை நாலைப் போட்டு மூடிவைத்தேன். அதுவும் வெள்ளைதான், கிட்டத்தட்ட அதே அளவு. மறுநாள் ஆஸ்பத்திரியில் வாங்கி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

எனக்கு இரண்டு, அவனுக்கு இரண்டு. களத்தில் இறங்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது, கை நடுங்கியது. மாத்திரையோ வெறியோ, அன்றைக்குப் பாட்டு அறுபடவே இல்லை. ஜெயித்தோம். மில்காரர் என் பெயரை எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் வீடு திரும்பினால் வாசலில் கூட்டம். அவள் சுவரில் சாய்ந்து, உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டப்பா திறந்து கிடந்தது.

“மூணு போட்டுட்டேங்க. மாத்திரைக்குக் கேக்கவே மாட்டேங்குது.”

மிச்சமிருந்த ஒன்றை யாரும் பார்ப்பதற்குள் வாயில் போட்டு விழுங்கினேன். பிறகுதான் அவளைத் தூக்கினேன். அந்த வரிசையை நான் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகு மூச்சு திரும்பியது. டாக்டர் என்னிடம் கேட்டார்: “மாத்திரை போட்டாங்களா?”

“மூணு போட்டாங்க சார்.”

அப்படியானால் இந்த உடம்புக்கு இனி அது வேலை செய்யாது என்று சொல்லி, வீரியமான வேறொன்றை எழுதினார். வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. திறந்தால் கதை ஊருக்குத் தெரியும், மில்லுக்கும் தெரியும். நான் கோழை. சீட்டை வாங்கிக்கொண்டேன்.

வேலை கிடைத்தது. விழுப்புரத்துக்குக் குடிபோனோம். அந்தப் புது மருந்தை அவள் வருஷக்கணக்கில் சாப்பிட்டாள். முகம் ஊதியது, உள்ளே எலும்பையும் அது அரித்துவிட்டது. ஒருநாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதே இடுப்பெலும்பு நொறுங்கியது. அதன் பிறகு படுக்கைதான்.

என் ஆட்டத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் படுத்தபடியே அவர்களிடம் சொல்வாள்: “பாவம், இவுரு ஜெயிச்சிட்டு வந்த அன்னிக்குன்னு பாத்து நான் பேஜார் பண்ணிட்டேன்.”

“அத விடு, பரவால்ல” என்பேன் நான், பெருந்தன்மையாக.