ஒழுக்கத்துக்குப் பத்துக்குப் பத்து

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் இரண்டு பாலர் பாடசாலைகள் இருந்தன. இரண்டும் சனசமூக நிலையங்கள் நடத்தியவை. நடுவில் ஒரு வெங்காயத் தோட்டவெளி. இனி ஒன்றுக்குத்தான் ஆசிரியையும் சத்துமாவும் தரலாம், மற்றதை மூடவேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. எதை மூடுவது? இரண்டையும் ஒப்பிட்டுப் புள்ளி போட ஒருவர் தேவைப்பட்டார். உயர்தரம் பாஸ் பண்ணிவிட்டு, வாயை மட்டும் வளர்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவள் நான். என்னைப் பிடித்தார்கள். என் மகளும் வருகிற தை மாதம் எஞ்சுகிற பள்ளிக்குத்தான் போகவேண்டும் என்பதை யாரும் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. நானும்தான்.

தந்த படிவம் சண்டைக்கு முந்திய காலத்தில் அச்சடித்தது. மின்விளக்கு உண்டா, சறுக்குமரம் உண்டா என்றெல்லாம் கேட்டது. ஊரில் கரண்ட் நின்று எவ்வளவோ காலம். குண்டுவீச்சுக்கு ஒளிக்கிற பங்கர் உண்டா என்று மட்டும் கேட்கவில்லை.

போகிற நாளன்று நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையைக் கட்டினேன். அப்பாவின் பழைய கறுப்புத் தோல்பையைச் சைக்கிள் கரியரில் வைத்தேன். ஓர் அதிகாரிக் களை வந்துவிட்டதாக எனக்கு எண்ணம்.

"என்ன, ஆருக்குப் பிள்ளைப்பேறு?" என்றார் என் கணவர்.

எங்கள் பகுதி மருத்துவமாது வெள்ளைச் சேலையும் கறுப்புப் பையுமாகத்தான் வருவார். சிறுபிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிறவரும் அவரே. கணவர் சொல்லி நான் எப்போது கேட்டேன், அன்றைக்குக் கேட்க? சைக்கிளில் ஏறி மிதித்தேன்.

முதலாவது பள்ளிக்குக் கல்வீடு, கழுவின சீமெந்து நிலம். ரீச்சரின் சேலை மடிப்பில் விரலை வெட்டிக்கொள்ளலாம். என்னைக் கண்டதும் அவர் பிள்ளைகள் பக்கம் குனிந்து ஏதோ மெதுவாகச் சொன்னார். தேவாரம் எடுத்துக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். இருபது பிள்ளைகளும் ஒரேயடியாகக் கையைக் கட்டி, வாயில் விரலை வைத்தார்கள். நான் இருந்த முக்கால் மணித்தியாலமும் ஒரு தும்மல்கூடக் கேட்கவில்லை. ஒருவன் கண் கலங்கியிருந்தான். தூசியாக்கும் என்று எண்ணி எழுதினேன், ஒழுக்கம்: பத்துக்குப் பத்து.

இரண்டாவது பள்ளி, மாமரத்துக்குக் கீழே தென்னோலைக் கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டில். படலையைத் திறந்து நான் கால் வைத்ததுதான் தாமதம், ஒரு பெட்டை "ஐயோ!" என்று கத்தினாள். பிறகு எல்லோரும் கத்தினார்கள். கண்மூடித் திறக்குமுன் முழு வகுப்பும் பங்கருக்குள் இறங்கிவிட்டது. குண்டு போடப் பொம்பர் வந்தால் எப்படி ஓடவேண்டும் என்று நன்றாகத்தான் பழக்கியிருந்தார்கள். மேலே நின்றது நானும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த ரீச்சரும், ஓடத் தெரியாமல் சட்டைக் கையை மடித்துக் கொண்டு நின்ற ஒரு பொடியனும்தான்.

"குறை நினையாதேங்கோ. ஊசி போட வந்திட்டியள் எண்டு நினைச்சிட்டினம்," என்றார் ரீச்சர்.

குறை நினைத்தேன். கட்டாயம் நினைத்தேன். புள்ளி போட வந்தவளை ஊசி போட வந்தவளாக்கி, அதற்குச் சிரிப்பு வேறா? பிள்ளைகளை வெளியே எடுக்க அவர் பங்கர் வாசலில் குந்தியிருந்து கதை சொன்னார். ஒவ்வொருவராகத் தலையை நீட்டி, இடையில் கேள்வி கேட்டு, கதையைத் திருத்தி, கடைசியில் எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். அதற்குப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. ஒழுக்கத்துக்கு இரண்டு போட்டேன். கொட்டில் பள்ளி மூடப்பட்டது.

தையில் மகளைக் கல்வீட்டுப் பள்ளியில் சேர்த்தேன். அவள் என்னுடைய மகள். விடிந்தால் பொழுதுபட்டால் கதைதான். மாசிக்குள் அந்தக் கதை நின்றுவிட்டது. பள்ளியால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருப்பாள். கேட்டால் தலையை ஆட்டுவாள். முதல் இரண்டு நாள் வீடு அமைதியாகக் கிடக்கிறது என்று சந்தோஷப்பட்டேன், உள்ளதைச் சொல்லவேண்டும். பிறகு எனக்குப் பயம் பிடித்தது.

ரீச்சரிடம் போனேன். அவர் பெருமையோடு சுவரைக் காட்டினார். நான் புள்ளி போட்ட படிவம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

"நீங்களே பத்துக்குப் பத்து போட்டனீங்கள். அதைக் குறைய விடுவமோ?"

அன்று பின்னேரம் மகளை மடியில் இருத்தி, ஏன் கதைக்கிறாயில்லை என்று கெஞ்சிக் கேட்டேன். அவள் என் காதுக்குள் சொன்னாள்.

"கதைச்சால் ஊசி அன்ரி வருவா எண்டு ரீச்சர் சொன்னவ."

"அது ஆர் ஊசி அன்ரி?"

"வெள்ளைச் சீலை. கறுத்தப் பை. ஒருநாள் வந்து எல்லாரையும் பாத்துக்கொண்டே இருந்தவவாம்."

அன்றைக்கு ரீச்சர் குனிந்து சொன்னது தேவாரமில்லை. நான் புள்ளி போட்டது ஒழுக்கத்துக்கும் இல்லை. இரண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரே பயம்தான். ஒரு பள்ளியில்தான் கத்துவதற்கு விட்டிருந்தார்கள்.

அடுத்தநாள் பூப்போட்ட சேலையைக் கட்டி, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். சம்பளமும் சத்துமாவும் நின்ற பிறகும் அந்த ரீச்சர் ஏழெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருந்தார். படலையில் என்னைக் கண்டதும் பழைய பிள்ளைகள் இரண்டு பேர் எழும்பிப் பங்கரைப் பார்த்தார்கள்.

"ஓடாதேங்கோ," என்றார் ரீச்சர், அதே சிரிப்போடு. "ஊசி அன்ரி இண்டைக்கு ஊசி கொண்டு வரேல்லை. தன்ரை பிள்ளையைத்தான் கொண்டு வந்திருக்கிறா."

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்து தன் கையை உருவினாள். பிறகு ஊர் கேட்கக் கத்திக்கொண்டு பங்கருக்குள் ஓடினாள். ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்கிற அவளுடைய குரல். நான் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவளைப் பேசாமல் இரு என்று சொல்லவில்லை.